உட்கார்ந்த பிறகு பேசலாம்

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். நிறுத்துவேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீரும் மாத்திரையும் எடுத்து வருவேன். தம்ளரில் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டேன். அவள் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்குவேன். மாத்திரை உள்ளே போனதும் கடிகாரத்தைப் பார்ப்பேன். அது வேலை செய்ய நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை அவள் எழக்கூடாது. நான் பல் துலக்குவேன். டீ போடுவேன். குளியலறைத் தரையைத் துணியால் துடைப்பேன். பிறகு இடைவழியில் குனிந்து, தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டைகளில் எதன் ஓரமாவது கிளம்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஆறரைக்கு அவள் கட்டிலில் உட்காருவாள். உட்கார்ந்து இரண்டு நிமிடம். நின்று ஒரு நிமிடம். பிறகு நடப்பாள். அவள் நடக்கும்போது நான் பேச மாட்டேன்.

இரண்டு வருடம் எங்கள் காலை இப்படித்தான் இருந்தது.

நான் ஒரு சரக்குக் கிடங்கில் பாதுகாப்பு அலுவலர். ஃபோர்க்லிஃப்ட் வண்டி எங்கே ஓடலாம், மனிதர்கள் எங்கே நடக்கலாம் என்று தரையில் மஞ்சள் கோடு போடுவது என் பொறுப்பு. யாருக்காவது அடிபட்டால் பதிவேட்டில் எழுதுவதும் நான்தான். நாள், நேரம், இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எப்படித் தவிர்த்திருக்கலாம். கடைசிக் கட்டத்தை நிரப்புவதுதான் கடினம். மற்றவை தானாக நிரம்பிவிடும்.

அவள் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் இருந்தாள். கேட்பவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். நேரம், மேடை எண், பிறகு “அடுத்தவங்க!” நான் அவளை முதலில் பார்த்ததே அங்கேதான். ஏதோ ஓர் ஊருக்கு வண்டி கேட்டேன். சொன்னாள். நான் நகரவில்லை.

“இன்னும் என்ன சார்?”

“இன்னொரு ஊருக்கும் கேக்கணும்.”

“எந்த ஊரு?”

எனக்கு ஊர் பெயர் எதுவும் வாயில் வரவில்லை.

“ஊரை முடிவு பண்ணிட்டு மறுபடி வரிசையில வாங்க. அடுத்தவங்க!”

மூன்று முறை வரிசையில் போனேன். அடுத்த வருடம் திருமணம். அவள் என்னை ஆபீசர் என்பாள். நான் அவளை விசாரணை என்பேன். சொந்தப் பெயர்கள் அடையாள அட்டைகளில் மட்டும் இருந்தன. வீட்டிலும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. உப்பு எங்கே என்றால், “ரெண்டாவது அடுக்கு, இடது பக்கம், மூடி செவப்பு. அடுத்தவங்க!” என்பாள். வரிசையில் நான் ஒருவன்தான் நிற்பேன்.

இருபத்தொன்பது வயதில் அவள் வலது கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா வைத்திருக்கும்போது விரல்கள் ஜன்னல் பலகையில் தாமாகத் தட்டும். வரிசையில் நிற்பவர்கள் அவள் அவசரப்படுத்துகிறாள் என்று கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் மேலதிகாரியிடம் புகாரே எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம். பார்க்கின்சன் நோய் என்றார்.

“அது வயசானவங்களுக்கு வர்றது இல்லையா?” என்று கேட்டேன்.

“பெரும்பாலும். சில பேருக்குச் சீக்கிரமே வந்துடும்.”

“எல்லாத்துலயும் முந்திக்கறது என் வழக்கம் டாக்டர்” என்றாள் அவள்.

நாலு வருடம் மாத்திரையிலேயே ஓடியது. வேலைக்கும் போனாள். ஐந்தாம் வருடம் விழுந்தாள்.

சமையலறை வாசலில். கால் நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. மணிக்கட்டு முறிந்தது. நான் பக்கத்து அறையில் இருந்தேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாவு மூட்டையைக் கீழே போட்டால் ஒரு சத்தம் வரும், அப்படி என்று சொல்லலாம். ஆனால் மூட்டைக்குப் பிறகு அமைதி வராது, யாராவது திட்டுவார்கள். இங்கே ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகுதான் அவள் கத்தினாள். அன்றிலிருந்து அந்த ஒரு நொடிக்குத்தான் நான் பயந்தேன். கத்தலுக்கு அல்ல.

இரண்டாவது முறை குளியலறையில் திரும்பும்போது. மூன்றாவது முறை அவளுடைய அம்மா ஃபோனில் ஏதோ கேட்க, பேசிக்கொண்டே நடந்தபோது. புருவத்தில் ஐந்து தையல்.

டாக்டர் ஒரு விசேஷ ஸ்கேனுக்கு அனுப்பினார். படத்தைத் திரையில் போட்டு, பேனாவின் மூடியால் இரண்டு இடங்களைக் காட்டினார். எனக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது.

“நாம நடக்கறப்ப நடக்கறோம்னு நினைச்சுக்கிட்டு நடக்கறதில்ல. மூளையில ஒரு பகுதி அதைத் தானா பார்த்துக்குது. இவங்களுக்கு அந்தப் பகுதிக்கு வேண்டிய ரசாயனம் குறைஞ்சுபோச்சு. அதுக்குத்தான் மாத்திரை. ஆனா அது முழுசா ஈடுகட்டாது. அதனால இவங்க இப்ப கவனத்தை வெச்சு நடக்கறாங்க. நீங்க கயித்து மேல நடந்தா எப்படி நடப்பீங்களோ, அப்படி, ஒவ்வொரு அடியும்.”

“சரி.”

“இப்ப பிரச்சினை, கவனத்தைப் பார்த்துக்கற இடத்துலயும் செல்லுங்க குறைய ஆரம்பிச்சிருக்கு. இந்த மாத்திரைக்கு அந்த இடம் எட்டாது.”

“வேற மாத்திரை?”

“ஒண்ணு ரெண்டு முயற்சி பண்ணலாம். ரொம்ப நம்பிக்கை குடுக்க மாட்டேன். அஞ்சு வருஷத்துல, இந்த வயசுல, இவ்வளவு விழறது வழக்கம் இல்ல.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டாக்டர், பேச்சு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

அவர் இன்னோர் இடத்தைக் காட்டினார். “அது நல்லா இருக்கு.”

“அது போதும்” என்றாள்.

பிசியோதெரபி அறையில் ஒரு நீண்ட தரை இருந்தது. அங்கிருந்த பெண்ணை நாங்கள் பிசியோ அக்கா என்போம். அவர் அவளை நடக்கச் சொன்னார். நடந்தாள். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னார்.

“தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு.” கால் நின்றது. “எழுபத்தொம்பது.” மறுபடி நடந்தாள்.

கணக்கு இல்லாமல் வெறும் பேச்சு கொடுத்தார். “காலையில டீயா காபியா?” அவள் நின்றாள். “டீ” என்றாள். நடந்தாள்.

பிசியோ அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். “பார்த்தீங்களா, பதில் சொல்றதுக்கு நிக்கறாங்க. நிக்கறது நல்லது. கையில ரெண்டு பாத்திரம் இருந்தா ஒண்ணைக் கீழ வெச்சுட்டு இன்னொண்ணைப் பார்க்கிற மாதிரி. என்னைக்கு நிக்காம பதில் சொல்றாங்களோ, அன்னைக்குப் பயப்படுங்க.”

“நான் இப்பவே பயந்துகிட்டுதான் இருக்கேன்.”

“அது முகத்துலயே தெரியுது. அவங்களுக்குத் தெரியாம பயப்படுங்க.”

அதுதான் என்னால் முடியவில்லை.

அந்த வாரமே வீட்டைக் கிடங்காக மாற்றினேன். இடைவழியில் ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்கே மஞ்சள் பட்டை ஒட்டினேன். கோட்டைத் தாண்டு என்றால் உறைந்த கால் கிளம்பிவிடும். ஏன் என்று டாக்டர் சொன்னார், மறந்துவிட்டது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் குழாய் பொருத்தி மஞ்சள் வண்ணம் அடித்தேன். இரண்டு பூச்சு. மிதியடிகளை எல்லாம் எடுத்தேன். சமையலறையில் அவளுக்கென்று இரும்புக் கை வைத்த நாற்காலி ஒன்று போட்டேன்.

“ஆபீசரே, தலையில போட்டுக்க ஹெல்மெட் தரலையா?” என்றாள்.

“ஆர்டர் குடுத்திருக்கேன்.”

அவள் சிரித்தாள். நான் உண்மையாகவே கொடுத்திருந்தேன். அது வந்தது, அவள் ஒரு நாளும் போட்டுக்கொள்ளவில்லை. அதில் வெங்காயம் போட்டு வைத்தாள்.

பிறகு விதி. அவள் நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. உட்கார்ந்த பிறகு பேசலாம். ஆனால் நான் வேறு அறையில் இருந்தால் அவள் உட்கார்ந்தது எப்படித் தெரியும்? அவள் குரலும் அதற்குள் தணிந்துபோயிருந்தது. இந்த நோய் குரலையும் குறைக்கும். கத்திச் சொல்லவும் கவனம் வேண்டும். அதனால் ஒரு சமிக்ஞை யோசித்தேன். உட்கார்ந்ததும் இரும்பில் இரண்டு முறை தட்ட வேண்டும். கட்டிலும் இரும்பு, நாற்காலிக் கையும் இரும்பு. எங்கிருந்தாலும் கேட்கும்.

“என் கைதான் நாள் பூரா தட்டுதே. எது உங்களுக்கு, எது அதுவாத் தட்டறதுன்னு எப்படித் தெரியும்?”

“இடது கையால தட்டு. அது சும்மாதானே இருக்கு. மோதிரத்தால தட்டினா சத்தம் வேற மாதிரி இருக்கும்.”

அவள் மோதிர விரலைக் கட்டில் கம்பியில் தட்டிப் பார்த்தாள். டிங், டிங். “நல்லா இருக்கு. அடுத்த வண்டி புறப்படும் நேரம்னு அறிவிப்பு வர்ற மாதிரி.”

இப்படி வாழ்ந்தோம். டிங் டிங் என்றால் நான் பேசுவேன். அதுவரை வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். எதிரெதிரே வந்தால் நான் சுவரோடு ஒட்டி நின்று அவளுக்கு வழிவிடுவேன். அவள் என்னைக் கடக்கும்போது கண்ணால் ஏதாவது சொல்வாள். நான் பதிலுக்குத் தலையாட்டுவதுகூட ஆபத்தோ என்று யோசிப்பேன்.

கிடங்கில் நுழைவாயிலருகே ஒரு பலகை இருக்கிறது. விபத்தின்றி இத்தனை நாட்கள் என்று அதில் எழுதுவேன். யாருக்காவது அடிபட்டால் பூஜ்யம். ஒரு நாள் அவளைக் கிடங்குக்கு அழைத்துப் போனபோது அதைப் பார்த்துவிட்டாள். வீட்டிலும் வேண்டும் என்று அடம். ஃப்ரிட்ஜ் கதவில் சின்னக் கரும்பலகை மாட்டினோம். தினமும் காலையில் எண்ணை நான் எழுதுவேன். பதினாறு வரை போய்ப் பூஜ்யம் ஆயிற்று. இருபத்து மூன்று வரை போய்ப் பூஜ்யம். பூஜ்யம் எழுதும் நாட்களில் அவள் என்னைப் பார்க்க மாட்டாள். குழந்தை தட்டை உடைத்துவிட்டு நிற்பதுபோல் நிற்பாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் முகம் சொல்லியிருக்கும்.

பூஜ்யம் எழுதிய ஒரு நாள்தான் அதைச் சொன்னேன். பயத்தில் சொன்னேன், ஆனால் கோபமாக வெளியே வந்தது. “இடது கையும் ஆரம்பிச்சுதுன்னா அவ்வளவுதான். அப்புறம் நீ நடக்கவே வேண்டாம். வீல்சேர் வாங்கிடுவேன்.”

“சரிங்க ஆபீசர்” என்றாள். சிரிக்கவில்லை.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவனை எல்லாரும் கொக்கு என்போம். உயரம் அப்படி, கழுத்தும் அப்படி. போன வருடம் பலகையில் எண் இருநூறை நெருங்கியது. இருநூறு வந்தால் எல்லாருக்கும் ஒரு நாள் விடுமுறை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. நூற்றுத் தொண்ணூறாம் நாள் கொக்கின் விரல் இரண்டு பெட்டிகளுக்கிடையில் நசுங்கியது. கையுறை போட்டு மறைத்துக்கொண்டு பதினொரு நாள் வண்டி ஓட்டினான். விடுமுறை முடிந்து வந்தபோது விரல் கறுத்திருந்தது. நுனியை எடுக்க வேண்டியதாயிற்று.

“ஏன்டா சொல்லல?”

“நான் சொன்னா நீங்க பூஜ்யம் போட்டிருப்பீங்க சார். எல்லாரும் என்னைப் பார்த்திருப்பாங்க.”

அன்று மாலை இதை அவளிடம் சொன்னேன். பலகை வைத்தால் விபத்து குறையாது, விபத்தைச் சொல்வதுதான் குறையும் என்று பெரிய அறிவாளிபோல் சொன்னேன். மேலிடத்துக்கு அறிக்கையும் எழுதினேன். கிடங்குப் பலகையை எடுத்துவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் பலகை அங்கேயே இருந்தது.

அது நாற்பதைத் தாண்டியது. எண் ஏற ஏற எனக்குப் பயமும் ஏறியது. வேலையில் ஃபோன் அதிர்ந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். எடுத்தால் அத்தையாக இருக்கும், அவளுடைய அம்மா. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர்தான் மகளுக்குத் துணை. “ஒண்ணுமில்ல மாப்ள, தக்காளி வாங்கிட்டு வாங்க” என்பார். ஒன்றுமில்லை என்று முதலில் சொல்ல அவர் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தார்.

ஐம்பதாம் நாள் வாக்கில் அத்தை விதியை மீறினார். அவள் இடைவழியில் வந்துகொண்டிருந்தாள். அத்தை சமையலறையிலிருந்தே, “ஏன்டி, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொண்ணு பொறந்திருக்காமே, தெரியுமா?” என்றார். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். போக்குவரத்துப் போலீஸ்காரன் மாதிரி.

“என்ன மாப்ள? என் பொண்ணுகிட்ட நான் பேசக்கூடாதா? இது வீடா, பரீட்சை ஹாலா?”

அவள் நின்றாள். குழாயைப் பிடித்துக்கொண்டாள். “தெரியும்மா. மூணு கிலோ. அடுத்தவங்க” என்றாள், சின்னக் குரலில். பிறகு அடுத்த பட்டையைத் தாண்டினாள். நின்று பதில் சொன்னாள் என்று எனக்கு உயிர் வந்தது. பதிவேட்டில், நூலிழையில் தப்பியது என்று எழுதினேன். ஆமாம், வீட்டுக்கும் பதிவேடு வைத்திருந்தேன்.

அன்று அத்தை போன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டவில்லை. நான் எதிரிலேயே இருந்தேன்.

“ஒண்ணு சொல்லவா ஆபீசர்? எனக்கு விழறதுகூட அவ்வளவு பயம் இல்ல. இந்த வீடு இப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கே, இதுதான் பயமா இருக்கு. நான் செத்துப்போன மாதிரியும், நீங்க எல்லாம் துக்கத்துக்கு வந்திருக்கற மாதிரியும் இருக்கு.”

“அப்படிச் சொல்லாத.”

“வேற எப்படிச் சொல்றது? ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் கேள்வி கேட்பாங்க என்னை. இப்ப ஒருத்தர்கூட கேக்க மாட்டேங்கறீங்க.”

டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சில நாட்களாக அப்படித்தான் பிடித்தாள். குளிருக்கு என்று நினைத்தேன்.

அறுபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிடங்கில் தீயணைப்புப் பயிற்சி. ஞாயிறு வேலைக்குப் போவது எனக்கு வழக்கமில்லை. அத்தை ஏழரைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஐந்தே முக்காலுக்கு அலாரம். மாத்திரை. நாற்பது நிமிடம். குளியலறைத் தரை. பட்டைகள். கரும்பலகையில் 62 என்று எழுதினேன். அவள் எழுந்தாள், குளித்தாள், படுக்கையறையில் தலை சீவினாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஏழே கால் ஆயிற்று. நான் முன்னறையில் வாசலருகே உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து இடைவழி தெரியாது. நடுவில் சுவர்.

டிங், டிங்.

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். குனிந்தபடியே கேட்டேன்.

“விசாரணை, எட்டு மணி பஸ் இன்னைக்கு உண்டா?”

அவள் பதில் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். பல மாதங்களாகக் கேட்காத குரல், ஜன்னலில் இருந்தபோது இருந்த குரல், சுவரைத் தாண்டிக் கணீரென்று வந்தது. எனக்கு அரை நொடி சந்தோஷமாக இருந்தது. கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டே சிரித்தேன்.

பிறகு அந்தச் சத்தம். பிறகு ஒரு நொடி அமைதி.

கத்தலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

அவள் ஏழாவது பட்டைக்கும் எட்டாவது பட்டைக்கும் நடுவில் கிடந்தாள். நெற்றிப்பொட்டு சமையலறை வாசலின் கல் விளிம்பில். ரத்தம் அதிகம் இல்லை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. அசைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வருடத்துக்கு இரண்டு முறை மற்றவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அசைக்காமல் பக்கத்தில் மண்டியிட்டு ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன். இப்போது பேசலாம், பேசு, பேசு என்று அவளிடம் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்த அதே நேரத்தில் அத்தையும் வந்தார். கையில் தக்காளி.

மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ரத்தம் தேங்கிவிட்டது. அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு நாள் இருந்தாள். பேசவில்லை. அவளுக்கு முப்பத்தைந்து வயது.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அத்தை என் எதிரே உட்கார்ந்தார்.

“மாப்ள, கடைசியா என்ன சொன்னா?”

எல்லாரும் இதையே கேட்டிருந்தார்கள். கொக்கு கேட்டான், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். எதையோ சொல்லி அனுப்பினேன். அத்தையிடம் அப்படி முடியவில்லை.

“அம்மா வந்துட்டாங்களான்னு கேட்டா” என்றேன்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தப் பொய் அவருக்கு வேண்டியிருந்தது. இப்போது அதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். அது உண்மையாகிவிட்டது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அவள் உட்கார்ந்த பிறகு ஏன் மறுபடி எழுந்தாள்? நாற்காலிக்கும் அவள் கிடந்த இடத்துக்கும் நாலடி. தட்டியதற்கும் விழுந்ததற்கும் நடுவில் எழுந்து நாலடி நடக்க நேரமே இல்லை. தினமும் அதையே கணக்குப் போட்டேன். பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாள், நேரம், இடம் எழுதினேன். மற்றது நிரம்பவில்லை.

மூன்றாவது வாரம் குழாயைக் கழற்ற முடிவு செய்தேன். அதைப் பார்த்துக்கொண்டு அந்த இடைவழியில் போக முடியவில்லை. திருகாணிகளைத் தளர்த்த விளக்கைப் பக்கத்தில் பிடித்தபோது பார்த்தேன். குழாயின் மேல்பக்கத்தில் வண்ணம் பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருந்தது. கடுகளவுப் புள்ளிகள். உள்ளே இரும்பு தெரிந்தது. படுக்கையறைப் பக்கத்தில் அடர்த்தியாக, நடுவில் கொஞ்சம் குறைந்து, சமையலறைப் பக்கத்தில் மறுபடி அடர்த்தியாக. படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போனால் குழாய் இடது பக்கம். அவள் அதை இடது கையால்தான் பிடிப்பாள். என் சாவியால் வண்ணத்தில் தட்டிப் பார்த்தேன். அதே மாதிரிப் புள்ளி விழுந்தது. அதே சத்தம் வந்தது.

அவள் உட்காரவே இல்லை. நடந்துகொண்டிருந்தாள். இடது கையும் நடுங்கியிருக்கிறது. மோதிரம் குழாயில் தானாகத் தட்டியிருக்கிறது. நூற்றுக்கணக்கான புள்ளிகள், ஒரு நாளில் விழுந்தவை அல்ல. எத்தனையோ நாள் விரலை விறைப்பாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கேட்காமல் நடந்திருப்பாள். அதற்கும் கவனம் செலவாகியிருக்கும்.

பிசியோ அக்காவுக்கு ஃபோன் செய்தேன். கேட்டேன். அவருக்கு இடது கை விஷயம் முன்பே தெரிந்திருந்தது.

“ஒரு மாசமா இருந்துச்சு. வீட்டுல சொல்லுங்கன்னு சொன்னேன். நூறு வரட்டும் அக்கா, நூறு வந்ததும் நானே சொல்லிடறேன்னாங்க. என்ன நூறுன்னு எனக்குப் புரியல.”

எனக்குப் புரிந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் 62 அப்படியே இருந்தது. அதற்கு மேல் எழுதவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

கை தானாகவே தட்டும் நோய் உள்ள ஒருத்திக்குத் தட்டுவதைச் சமிக்ஞையாக வைத்தேன். கட்டிலும் நாற்காலியும் குழாயும் ஒரே இரும்பு. கிடங்கில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதியிருப்பேன். கொக்கு விரலை மறைத்த கதையை அவளிடமே சொன்னேன். அவள் டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

பதிவேட்டை எடுத்தேன். என்ன செய்துகொண்டிருந்தார்: நடந்துகொண்டிருந்தார். எப்படித் தவிர்த்திருக்கலாம் என்ற கட்டத்தில் கேள்வி கேட்காமல் என்று எழுதினேன். பிறகு அதை அடித்தேன். கேள்வி கேட்க மாட்டேங்கறீங்க என்றுதானே அவள் சொன்னாள். அந்தக் கட்டத்தில் எழுத வேறு எதுவும் கிடைக்கவில்லை. கீழே, குறிப்பு என்ற இடத்தில், அத்தையிடம் சொல்லாததை எழுதி வைத்தேன். ஏதாவது ஓர் இடத்திலாவது அது சரியாக இருக்க வேண்டும்.

நான் எட்டு மணி பஸ் உண்டா என்று கேட்டேன். அவள் நிற்காமல் சொன்னாள்:

“ஞாயித்துக்கிழமை எட்டு மணி கிடையாது. எட்டு இருபது, மூணாவது மேடை. அடுத்தவங்க!”